எண் கூடினால் டிஸ்க் வேகமாகிவிடாது

லினக்ஸ் சர்வர் மந்தமாக இருக்கிறது என்று யாராவது வாய்திறந்தால் போதும், கிடைக்கும் மருந்துச்சீட்டு பெரும்பாலும் ஒன்றேதான். ரூட்டாக உள்ளே போய் ‘எச்டிபார்ம்’ ஓட்டிப் பார். வினாடிக்கு எத்தனை மெகாபைட் வருகிறது என்று குறித்துக்கொள். பிறகு இந்த இந்த செட்டிங்குகளைப் போடு. மறுபடி ஓட்டிப் பார். எண் கூடியிருந்தால் ஹார்டு டிஸ்க் வேகமாகிவிட்டது, கூடவில்லை என்றால் இன்னும் இரண்டு செட்டிங் சேர்த்துப் பார். சிஸ்டம் அட்மின் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான், பயிற்சி வகுப்புகளில் நடத்துவதும் இதைத்தான். இதற்கு ‘பெர்ஃபார்மன்ஸ் டியூனிங்’ என்ற பெரிய பெயரும் இருக்கிறது.

இந்த வழக்கத்தை முழுமையாக மறுக்கிறேன். அந்த எண் அளப்பது உங்கள் சர்வர் செய்யும் வேலையை அல்ல. அந்த எண்ணைக் கூட்டுவதற்கென்று சுற்றிவரும் குறிப்புகளில் பாதி காலாவதியானவை. கெர்னல் அவற்றைக் காதில்கூட வாங்குவதில்லை. மீதியில் சில உண்மையிலேயே வேகம் தரும். ஆனால் கரண்ட் போனாலும் உங்கள் தரவு பத்திரமாக இருக்கும் என்ற உத்தரவாதத்தைக் கொடுத்துத்தான் அந்த வேகத்தை வாங்க முடியும். டிஸ்க்கைச் சோதிப்பது என்றால், உங்கள் புரோகிராம் டிஸ்க்குக்காக எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கிறது என்று அளப்பது. டியூனிங் என்றால், அந்தக் காத்திருப்புக்கான காரணத்தைக் கண்டுபிடித்து நீக்குவது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஓர் எண்ணை மட்டும் துரத்துவது நேரத்தை வீணாக்கும். சில சமயம் தரவையும் பறிகொடுக்க வைக்கும்.

ஒரு காலத்தில் அது பலித்தது

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், இந்த வழக்கம் முட்டாள்தனத்தில் பிறந்தது அல்ல. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும், கெர்னல் 2.2, 2.4 ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஐடிஇ டிஸ்க்குகளுக்குப் பல லினக்ஸ் வெளியீடுகள் டிஎம்ஏ வசதியை அணைத்தே வைத்திருந்தன. சில மதர்போர்டு சிப்செட்டுகளில் டிஎம்ஏ சரியாக வேலை செய்யாமல் தரவைக் கெடுத்துவிடும் என்ற அச்சமே காரணம். டிஎம்ஏ இல்லை என்றால், டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் புராசஸரே கையால் அள்ளி ரேமுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த முறையின் உச்சவரம்பே வினாடிக்கு 16.6 மெகாபைட், நடைமுறையில் அதிலும் ஒரு பகுதிதான் கிடைக்கும். மார்க் லார்ட் எழுதிய எச்டிபார்ம் கருவியைக் கொண்டு ஒரே வரியில் டிஎம்ஏவை இயக்கிவிட்டால் வேகம் பல மடங்கு தாவும், புராசஸருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். அன்று இந்தக் குறிப்பைக் கொடுத்தவர்கள் நல்லதையே செய்தார்கள்.

அந்த உலகம் போய்விட்டது. லிப்ஏடிஏ என்ற புதிய டிரைவர் அடுக்கு வந்த பிறகு, டிஸ்க்கும் கன்ட்ரோலரும் தங்களுக்குள் பேசி, தாங்கக்கூடிய அதிகபட்ச வேகத்தைத் தாமே தேர்ந்துகொள்கின்றன. பழைய ஐடிஇ டிரைவர் தொகுப்பையே 2021இல் கெர்னல் 5.14இல் நீக்கிவிட்டார்கள். இன்று ஒரு சாட்டா டிஸ்க்கில் டிஎம்ஏவை இயக்கும் அந்தப் பழைய கமாண்டைக் கொடுத்துப் பாருங்கள். இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத கட்டளை என்று பிழைச்செய்திதான் வரும். அந்தப் பிழையைப் பார்த்த பிறகும் குறிப்பைக் கைமாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

டிஎம்ஏவோடு இது நிற்கவில்லை. கிரப் கோப்பில் ‘எலிவேட்டர்’ என்ற அளவுருவைச் சேர்த்து ‘டெட்லைன்’ அல்லது ‘நூப்’ என்று எழுது என்பது இன்னொரு நிரந்தரக் குறிப்பு. சிஎஃப்க்யூ, டெட்லைன், நூப் என்ற பழைய மூன்று ஷெட்யூலர்களும் அவற்றைத் தாங்கிநின்ற ஒற்றை வரிசை அமைப்போடு சேர்ந்து 2019இல் கெர்னல் 5.0இல் விடைபெற்றுவிட்டன. இன்று இருப்பவை எம்க்யூ-டெட்லைன், பிஎஃப்க்யூ, கைபர், ஒன்றும் வேண்டாம் என்பதற்கான ‘நன்’ ஆகியவை. இன்றைய கெர்னலில் எலிவேட்டர் அளவுருவுக்கு எந்தப் பலனும் இல்லை. கிரப்பில் அந்த வரியைச் சேர்த்து, சர்வரை ரீபூட் செய்து, வேகம் கூடிவிட்டதாகச் சொல்பவர்கள் எதை அளந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு கோப்பையும் படிக்கும்போது படித்த நேரத்தை டிஸ்க்கில் எழுதுவதால் மெதுவாகிறது, ஆகவே ‘நோஏடைம்’ போடு என்பதும் அப்படித்தான். 2009இல் வந்த கெர்னல் 2.6.30 முதல் ‘ரெல்ஏடைம்’ தானாகவே இயல்புநிலை ஆகிவிட்டது. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட பிறகு முதல்முறை படிக்கப்படும்போதோ, முந்தைய பதிவு ஒரு நாளைக்கு மேல் பழையதாக இருக்கும்போதோதான் நேரம் புதுப்பிக்கப்படும். கோடிக்கணக்கான சிறு கோப்புகளைத் தினமும் வருடிப் படிக்கும் சர்வரில் நோஏடைம் இன்றும் கொஞ்சம் உதவும். மற்ற இடங்களில் மிச்சப்படுத்த அதிகம் பாக்கி இல்லை.

மூன்று வினாடிச் சோதனையின் லட்சணம்

செட்டிங்குகள் பழையவையாகவே இருக்கட்டும், அளவுகோலாவது சரியா? எச்டிபார்மின் பெரிய ‘டி’ விருப்பம் வினாடிக்குப் பத்தாயிரம் மெகாபைட் என்ற ரீதியில் ஓர் எண்ணைக் காட்டும். அதில் டிஸ்க்குக்குப் பங்கே கிடையாது. புராசஸர், கேஷ், ரேம் ஆகியவற்றின் வேகத்தையே அது காட்டுகிறது என்று அந்தக் கருவியின் கையேடே சொல்கிறது. சிறிய ‘டி’ விருப்பம்தான் டிஸ்க்கைத் தொடுகிறது. எப்படித் தொடுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

அது டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து சுமார் மூன்று வினாடிகள் வரிசையாகப் படிக்கிறது. வினாடிக்கு 200 மெகாபைட் தரும் 8 டெராபைட் டிஸ்க்கில் இது 600 மெகாபைட். மொத்தக் கொள்ளளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் எந்தப் பகுதி? தட்டின் வெளிவிளிம்பு. சுற்றும் வேகம் எங்கும் ஒன்றுதான் என்றாலும், வெளிவட்டத்தின் சுற்றளவு பெரிது. ஒரு சுற்றுக்கு அங்கே அதிக செக்டார்கள் அடங்கும். உள்விளிம்புக்குப் போகப் போக வேகம் பாதி வரைக்கும் இறங்கிவிடும். டிஸ்க் நிரம்ப நிரம்ப உங்கள் புதுக் கோப்புகள் பெரும்பாலும் உள்நோக்கித்தான் போகின்றன. எச்டிபார்ம் மட்டும் என்றைக்கும் வெளிவிளிம்பையே அளந்துகொண்டு, எல்லாம் நலம் என்று சொல்லும். வேறு இடத்திலிருந்து படிக்க அதில் ஆஃப்செட் விருப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்து அளந்தவர்கள் எத்தனை பேர்?

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க், வினாடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. ஹெட் ஒரு டிராக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, வேண்டிய செக்டார் அதன் கீழே வந்துசேர சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஹெட் அந்த டிராக்குக்கு நகர்வதற்கே 8 மில்லிவினாடி அளவில் எடுக்கும். ஆக, டிஸ்க்கில் எங்கோ இருக்கும் ஒரு 4 கிலோபைட் துண்டைப் படிக்க சுமார் 12 மில்லிவினாடி. ஒன்று முடிந்து அடுத்தது என்று கேட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 80 துண்டுகள்; 320 கிலோபைட். எச்டிபார்ம் 200 மெகாபைட் என்று காட்டிய அதே டிஸ்க், அதே கேபிள், அதே கெர்னல். வித்தியாசம் அறுநூறு மடங்குக்கு மேல்.

இப்போது டியூனிங் செய்து அந்த 200ஐ 220 ஆக்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 4 கிலோபைட்டைத் தட்டிலிருந்து எடுக்க ஆகும் நேரம் 0.02 மில்லிவினாடி. அந்த 12 மில்லிவினாடியில் உங்கள் டியூனிங் தொட்டது இந்தத் துளியின் ஒரு பகுதியை மட்டுமே. எடுக்கும் நேரத்தைப் பூஜ்யமே ஆக்கினாலும் காத்திருப்பு 12 மில்லிவினாடியாகவே இருக்கும். பைபாஸில் பஸ் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று அளந்துவிட்டு, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று போகும் டவுன் பஸ் ஏன் தாமதமாகிறது என்பதற்கு அதில் விடை தேடும் வேலை இது. டேட்டாபேஸ், மெயில் சர்வர், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட வெப்சைட், ஒரே டிஸ்க்கில் ஓடும் பல விர்ச்சுவல் மெஷின்கள் எல்லாம் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கும் ரகம்தான்.

வரிசையாகப் படிப்பதே முழுநேர வேலையாக இருப்பவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். பெரிய வீடியோ கோப்புகளைக் கையாள்பவர்கள், பேக்கப் எடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் மூன்று வினாடிச் சோதனை போதாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு வீடியோக்களைப் படிக்கத் தொடங்கிய கணமே, ஹெட் இரண்டு இடங்களுக்கும் அலையத் தொடங்கிவிடும். வரிசை வேகம் அங்கேயே உடைந்துவிடும்.

எழுதிவிட்டதாகச் சொன்னது ரேம்

எழுதும் வேகத்தை அளக்க எல்லோரும் எடுப்பது ‘டிடி’ கமாண்ட். பூஜ்யங்களை அள்ளி ஒரு கோப்பில் ஒரு கிகாபைட் எழுதச் சொல்வார்கள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்து, வினாடிக்கு இரண்டு கிகாபைட் என்று திரையில் வரும். சாட்டா இணைப்பின் வரம்பே வினாடிக்கு 600 மெகாபைட். அதைத் தாண்டி எந்தச் சாட்டா டிஸ்க்கும் எழுத முடியாது. அப்படியென்றால் அந்த இரண்டு கிகாபைட் எங்கே போனது? ரேமுக்கு. கெர்னல் தரவைப் பேஜ் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் எழுதும். டிடி அதற்காகக் காத்திருப்பதில்லை.

கடைசியில் டிஸ்க்கில் சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளும் ‘எஃப்டேட்டாசிங்க்’ விருப்பத்தைச் சேர்த்தால் எண் ஒரேயடியாக இறங்கி உண்மைக்கு அருகே வரும். அப்போதும் பூஜ்யங்கள் ஒரு பிரச்சினை. கம்ப்ரஷன் இயக்கப்பட்ட பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களில் ஒரு கிகாபைட் பூஜ்யம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். டிஸ்க்கில் எழுதப்படாத ஒன்றின் வேகத்தை அளந்துவிட்டு அதை ரிப்போர்ட்டில் போடுகிறோம்.

சிறிய சோதனை எவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துவிடும் என்பதற்கு 2020ஆம் ஆண்டே சாட்சி. டிராக்குகளை ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துப் பதியும் எஸ்எம்ஆர் தொழில்நுட்பத்தை, நாஸ் பெட்டிகளுக்கென்று விற்ற ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் வெஸ்டர்ன் டிஜிட்டல் பயன்படுத்தியிருந்தது. வாங்குபவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஏப்ரலில் விஷயம் வெளியே வந்து, எந்த எந்த மாடல்கள் என்ற பட்டியலை நிறுவனம் வெளியிட வேண்டியதாயிற்று. இத்தகைய டிஸ்க் வரும் தரவை முதலில் ஒரு தனி கேஷ் பகுதியில் எழுதிக்கொள்ளும். அது நிரம்பும்வரை மற்ற டிஸ்க்குகளைப் போலவே நடந்துகொள்ளும். நிரம்பிய பிறகு, ஒரு சிறு துண்டை மாற்ற வேண்டுமானாலும் ஒரு பெரிய பட்டையையே எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். எச்டிபார்மிலும் சின்ன டிடி சோதனையிலும் அவை நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிடும். ரெய்டில் ஒரு டிஸ்க் பழுதாகி, புதியதைப் போட்டு மீட்டெடுக்கும் நெருக்கடியில்தான் உண்மை வெளிப்படும். மணிக்கணக்கில் முடிய வேண்டிய மீட்பு நாள்கணக்கில் இழுக்கும். சில இடங்களில் டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று ரெய்டே அதை வெளியே தள்ளிவிடும். எந்த டியூனிங் செட்டிங்கும் இதைச் சரிசெய்ய முடியாது. வாங்கும்போதே மாடல் எண்ணைப் பார்த்து விலகுவது ஒன்றே வழி.

பத்திரத்தைக் கொடுத்து வாங்கும் வேகம்

இதுவரை சொன்னவை பயனற்ற குறிப்புகள். அடுத்த வகை உண்மையிலேயே பலன் தரும். என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் அதுதான்.

‘பேரியர்’ வசதியை அணைத்துவிடு என்று ஒரு குறிப்பு. இஎக்ஸ்டி4 போன்ற ஜர்னல் வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னலில் எழுதி, பிறகு முடிந்தது என்ற முத்திரையை எழுதும். இந்த வரிசை மாறக் கூடாது. ஆனால் டிஸ்க்குக்குள் அதற்கென்று ஒரு ரைட் கேஷ் இருக்கிறது. அது தன் வசதிக்கு வரிசையை மாற்றிக்கொள்ளும். முன்னால் வந்ததைத் தட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று டிஸ்க்கைக் கட்டாயப்படுத்துவதே பேரியரின் வேலை. அதை அணைத்தால் எழுதும் வேகம் கூடும், சந்தேகமில்லை. கரண்ட் போன கணத்தில் முத்திரை மட்டும் தட்டில் விழுந்து, அது குறிக்கும் மாற்றம் விழாமல் போயிருந்தால், அடுத்த பூட்டில் ஃபைல் சிஸ்டம் குப்பையை எடுத்து நல்ல இடத்தில் எழுதிவிடும்.

கெர்னல் எழுதுபவர்கள் இந்த விஷயத்தில் எந்தத் திசையில் போனார்கள் என்று பாருங்கள். இஎக்ஸ்டி3இல் பேரியர் இயல்பாக அணைந்தே இருந்தது. 2011இல் கெர்னல் 3.1இல் அதை இயக்கி வைத்தார்கள். எக்ஸ்எஃப்எஸ், கெர்னல் 4.19இல் பேரியரை அணைக்கும் விருப்பத்தையே எடுத்துவிட்டது. வேகம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவுகள் இவை. அந்த நிரலை எழுதியவர்கள் எச்சரிக்கையோடு மூடிய கதவை, ஒரு சோதனை எண்ணுக்காக நாம் திறக்கச் சொல்கிறோம்.

எங்களிடம் யுபிஎஸ் இருக்கிறது என்பது வழக்கமான பதில். யுபிஎஸ் காப்பது ஈபி லைன் போவதிலிருந்து. கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் எரிந்துபோவதிலிருந்து அது காக்காது. தொங்கிப்போன மெஷினை யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதிலிருந்தும், கழன்ற பவர் கேபிளிலிருந்தும் காக்காது. பேட்டரியோடு கூடிய ரெய்டு கார்டு வைத்திருப்பவர்களின் கதை வேறு. அங்கே கேஷுக்கே தனிப் பாதுகாப்பு உண்டு. அதைப் பார்த்து, சாதாரண டிஸ்க் போட்ட ஆபீஸ் சர்வரில் அதே செட்டிங்கைப் போடுவது ஆபத்து.

இன்னொரு குறிப்பு, ‘டர்ட்டி ரேஷியோ’வை ஏற்று என்பது. எழுத வேண்டிய தரவு ரேமில் எவ்வளவு சேரலாம் என்பதற்கான வரம்பு அது. இயல்பாக 20 சதவீதம். அதை 80 ஆக்கினால் கோப்பு காப்பி செய்வது சட்டென்று முடிந்ததாகத் தோன்றும். 16 கிகாபைட் ரேம் உள்ள சர்வரில் 12 கிகாபைட் வரை எழுதப்படாமல் தேங்கி நிற்கலாம். வினாடிக்கு 150 மெகாபைட் எழுதும் டிஸ்க்குக்கு, எல்லாம் வரிசையாக அமைந்தாலும்கூட, அதைக் கரைக்க 80 வினாடி ஆகும். சிதறலாக இருந்தால் எத்தனையோ நிமிடங்கள். அந்த நேரத்தில் டேட்டாபேஸ் ஒரு சின்னப் பதிவை டிஸ்க்கில் சேர்க்கக் கேட்டால் அதுவும் வரிசையில் நிற்கும். பென்டிரைவில் காப்பி முடிந்துவிட்டது என்று காட்டிய பிறகும், பாதுகாப்பாகக் கழற்றுவதற்கு நிமிடக்கணக்கில் காத்திருந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அதே தேக்கத்தைச் சர்வரில் உருவாக்கிவிட்டு டியூனிங் என்கிறோம்.

வேகத்தின் பொருட்டு எழுதுவதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது 2009இல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. உபுண்டு 9.04இன் சோதனை வெளியீட்டில் இஎக்ஸ்டி4ஐ முயன்றவர்கள் சிலருக்கு, மெஷின் உறைந்து மீண்டபோது செட்டிங் கோப்புகள் பூஜ்ய அளவில் கிடந்தன. டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதையே தாமதப்படுத்தும் புதிய உத்தி, புரோகிராம்களின் கவனக்குறைவை அம்பலப்படுத்தியிருந்தது. தரவு பத்திரமாக இருக்க வேண்டுமானால் புரோகிராம்தான் ‘எஃப்சிங்க்’ கேட்க வேண்டும் என்று விளக்கிய இஎக்ஸ்டி4 பராமரிப்பாளர் டெட் சோ, கூடவே அந்த இழப்பைக் குறைக்கும் திருத்தங்களையும் கெர்னலில் சேர்த்தார். இயல்பான செட்டிங்குகள் இப்படிப்பட்ட இழப்புகளிலிருந்து கற்றுக்கொண்டவை. அவற்றை மாற்றுபவருக்கு, மாற்றினால் என்ன போகும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எதை அளக்க வேண்டும்

எங்களுக்குத்தான் வேகம் கூடியது கண்கூடாகத் தெரிந்ததே என்று சொல்வார்கள். இரண்டாவது முறை அதே வேலையைச் செய்யும்போது கோப்புகள் ஏற்கெனவே பேஜ் கேஷில் இருக்கும். எந்தச் செட்டிங்கையும் தொடாமலே வேகம் தெரியும். ஒவ்வொரு முறைக்கு முன்னும் ‘ட்ராப் கேஷஸ்’ மூலம் கேஷைக் காலி செய்து, வேறு வேலைகள் ஓடாத நேரத்தில், பல முறை ஓட்டி, பழைய செட்டிங்குக்கே திரும்பிப்போய் மறுபடியும் அளந்தால்தான் அந்த வித்தியாசத்தைச் செட்டிங்கின் கணக்கில் எழுத முடியும். இதைச் செய்யாத முன்-பின் ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

முதல் கேள்வி, டிஸ்க்தான் குற்றவாளியா என்பது. கெர்னல் 4.20 முதல் ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘பிரஷர்’ என்ற பகுதியில் ‘ஐஓ’ என்றொரு கோப்பு இருக்கிறது. கடந்த 10, 60, 300 வினாடிகளில் எத்தனை சதவீத நேரம் புரோகிராம்கள் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடந்தன என்று அது நேரடியாகச் சொல்லும். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் டிஸ்க்கைத் தொடவே தேவையில்லை. மந்தத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. உயர்ந்திருந்தால், ‘விஎம்ஸ்டாட்’டில் ஸ்வாப் நடக்கிறதா என்று பாருங்கள். ஸ்வாப் நடந்தால் தேவை ரேம்.

அடுத்து ‘ஐஓஸ்டாட்’டை விரிவான விருப்பத்தோடு ஓடவிட்டு, வழக்கமான வேலை நேரத்திலேயே பாருங்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனியே சராசரிக் காத்திருப்பு மில்லிவினாடியில் வரும். வரிசையில் எத்தனை வேண்டுகோள்கள் நிற்கின்றன என்பதும் வரும். எல்லோரும் முதலில் பார்க்கும் பயன்பாட்டுச் சதவீதத்தை, ரெய்டிலும் எஸ்எஸ்டியிலும் நம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் பல வேண்டுகோள்களைக் கவனிக்கும் சாதனத்தில் அது நூறைத் தொட்டாலும் இன்னும் இடம் இருக்கலாம்.

செயற்கைச் சோதனை வேண்டும் என்றால், பிளாக் அடுக்கின் பராமரிப்பாளரான யென்ஸ் அக்ஸ்போ எழுதிய ‘எஃப்ஐஓ’ இருக்கிறது. உங்கள் டேட்டாபேஸ் 8 கிலோபைட் துண்டுகளாகச் சிதறலாகப் படித்து, ஒவ்வொரு பதிவுக்கும் எஃப்சிங்க் கேட்கிறது என்றால், அதையே எஃப்ஐஓவிடம் சொல்லுங்கள். கேஷைத் தாண்டி நேரடியாகப் போகச் சொல்லுங்கள். ரேமைவிடப் பெரிய கோப்பில், நிமிடக்கணக்கில் ஓடவிடுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கோ என்று சந்தேகம் இருந்தால் மணிக்கணக்கில் ஓடவிடுங்கள். முடிவில் சராசரியைத் தாண்டி, 99ஆவது சதமானத் தாமதத்தைப் படியுங்கள். நூறில் ஒரு வேண்டுகோள் அரை வினாடி எடுத்தால், சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது. கவுன்டரில் நிற்கும் வாடிக்கையாளருக்கு அந்த ஒன்றுதான் தெரியும்.

தாமதத்தைப் பார்ப்பவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதைப் பிரெண்டன் கிரெக் 2008ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு வீடியோவில் காட்டினார். அன்று சன் நிறுவனத்தில் இருந்த அவர், டேட்டா சென்டரில் டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டிக்கு நேராக நின்று உரக்கக் கத்தினார். சில வேண்டுகோள்களின் தாமதம் அந்தக் கணமே வரைபடத்தில் துள்ளி எழுந்தது. ஒலியின் அதிர்வு ஹெட்டை டிராக்கிலிருந்து விலக்கப் போதுமானதாக இருந்தது. சொலாரிஸ் சிஸ்டத்தில் செய்தது என்றாலும் டிஸ்க்கின் இயற்பியல் லினக்ஸிலும் அதுவேதான். நடுங்கும் ஃபேனும், இறுக்காத ஸ்க்ரூவும் எந்தக் கெர்னல் செட்டிங்கிலும் தெரியாது.

நேர்மையைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் கூடவே எஃப்சிங்க் வேகத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று வருகிறது. 7,200 சுற்று டிஸ்க்கில், லாக் கோப்பின் ஒரே இடத்தைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தட்டில் சேர்ப்பது, சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வினாடிக்கு 120 அளவில்தான் முடியும். பேட்டரி கார்டு இல்லாத அத்தகைய டிஸ்க்கில் அந்தக் கருவி ஆயிரக்கணக்கில் காட்டினால், மகிழ ஒன்றுமில்லை. தட்டில் சேராததைச் சேர்ந்துவிட்டதாக நடுவில் ஏதோ ஒரு அடுக்கு பொய் சொல்கிறது. எச்டிபார்ம் வழக்கத்தில் ஊறியவர் இதே எண்ணைப் பார்த்து டியூனிங் வெற்றி என்பார்.

எதைச் சரிசெய்ய வேண்டும்

அப்படியானால் டியூனிங்கே வேண்டாமா? வேண்டும். சரியான இடத்தில் வேண்டும்.

மிகப் பெரிய லாபம் புரோகிராமில் இருக்கிறது. எஸ்க்யூலைட்டின் ஆவணங்களே சொல்கின்றன: சாதாரண மெஷினில் வினாடிக்கு 50,000 பதிவுகளைச் சேர்க்கலாம், ஆனால் சுற்றும் டிஸ்க்கில் பரிவர்த்தனைகள் சில பத்துகளைத் தாண்டாது. ஆயிரம் பதிவுகளைத் தனித்தனிப் பரிவர்த்தனையாகச் சேர்க்கும் புரோகிராமை, ஒரே பரிவர்த்தனையாகச் சேர்க்கும்படி திருத்தினால் ஆயிரம் எஃப்சிங்க் ஒன்றாகிவிடும். பாதுகாப்பு துளியும் குறையாது. இந்த அளவு லாபத்தைத் தரும் கெர்னல் செட்டிங் எதுவும் கிடையாது.

டிஸ்க்கின் உடல்நிலை அடுத்தது. ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கொடுத்து, மாற்றப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், கேபிள் பிழையைக் காட்டும் சிஆர்சி எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் ஒரே செக்டாரைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மந்தமாக மட்டுமே தெரியும். அதற்கு டியூனிங் செய்வது, பேக்கப் எடுக்க மிச்சமிருக்கும் நேரத்தைத் தொலைப்பது. ரெய்டில் உள்ள டிஸ்க்குகளுக்கு, பிழையோடு போராடும் நேரத்தை 7 வினாடிக்குள் நிறுத்தும் ‘எஸ்சிடிஇஆர்சி’ செட்டிங்கைப் போடுங்கள். கெர்னல் இயல்பாக 30 வினாடிதான் பொறுக்கும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் அதைவிட நீண்ட நேரம் போராடி, நல்ல நிலையில் இருந்தும் ரெய்டிலிருந்து வெளியேற்றப்படலாம். எச்டிபார்ம் எண்ணை இந்தச் செட்டிங் ஒரு மெகாபைட்கூட ஏற்றாது. ஆனால் ஒரு ரெய்டையே காப்பாற்றும்.

பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் பாருங்கள். உள்ளே 4 கிலோபைட் செக்டார் வைத்திருக்கும் டிஸ்க்கில், பழைய மெஷினிலிருந்து அப்படியே குளோன் செய்த பார்ட்டிஷன் 63ஆவது செக்டாரில் தொடங்கினால், ஒவ்வொரு சிறு எழுதலும் இரண்டு செக்டார்களைத் தொட்டு, படித்து, மாற்றி, இன்னொரு சுற்று காத்திருந்து எழுத வேண்டியதாகும். இன்றைய எஃப்டிஸ்க் 2,048இல் தொடங்கிச் சரியாக அமைத்துவிடும்.

ஷெட்யூலரை மாற்றிப் பார்ப்பதிலும் தவறில்லை. ரீபூட் இல்லாமலே மாற்றலாம். பாவ்லோ வலென்தேயும் அவருடைய குழுவும் உருவாக்கிய பிஎஃப்க்யூ, பின்னணியில் பெரிய காப்பி ஓடும்போதும் முன்னால் திறக்கும் புரோகிராமைக் காக்கவைக்காமல் பார்த்துக்கொள்ளும். அதற்காகச் சில வேளைகளில் டிஸ்க்கைக் கொஞ்சம் சும்மாவும் வைத்திருக்கும். மெகாபைட் எண் குறைந்தும், உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மெஷின் சுறுசுறுப்பாகலாம். எண்ணை மட்டும் பார்ப்பவர் இதைக் கழித்துக்கட்டிவிடுவார்.

இவை எல்லாம் செய்தும் போதவில்லை என்றால், ஹெட்டும் தட்டும் கொண்ட இயந்திரத்தின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். சிதறலாகப் படிக்கும் டேட்டாபேஸை எஸ்எஸ்டிக்கு மாற்றி, ஹார்டு டிஸ்க்கை அதற்கு ஏற்ற பேக்கப்புக்கும் வீடியோவுக்கும் விடுவதே நேர்மையான தீர்வு. 12 மில்லிவினாடியை எந்த அளவுருவும் ஒரு மில்லிவினாடி ஆக்காது.

இனி யாராவது டிஸ்க் டியூனிங் குறிப்பு ஒன்றை நீட்டினால், அவரிடம் நாம் கேட்டாக வேண்டியவை உண்டு. இது எந்தக் கெர்னலுக்கு எழுதியது? எந்த வேலையின் காத்திருப்பை இது குறைத்தது, எப்படி அளந்தீர்கள்? கரண்ட் போனால் எதை இழப்போம்? பதில் இல்லாத குறிப்பை உங்கள் சர்வரில் ஏற்றாதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை கற்பவர்களுக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த டிஸ்க்கில் இருக்கும் பில்லும், நோயாளியின் ரிப்போர்ட்டும், மாணவரின் மதிப்பெண்ணும் நம்முடையவை அல்ல. அவற்றை வைத்து எண் விளையாட்டு ஆட நமக்கு உரிமை கிடையாது.